ஏழு எண்ணிக்கை

ஏகாம்பரம் சவரிமுத்துவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கரண்டி நீளத்துக்கு அப்பால். கட்டையில் செய்து, மேலே ஸ்பாஞ்சு சுற்றி, வெள்ளி வர்ணம் அடித்த கரண்டி. ஒரு முனை இவர் கையில், மறு முனை சவரியின் வழுக்கைக்கு ஒரு சாண் மேலே. சவரியின் தோளில் மைதா மூட்டை, மூக்கு நுனியில் மாவு, வாயில் ஏலக்காய். ஷாட்டுக்கு முன்னால் ஏலக்காய் மெல்லுவது அவனுடைய நாற்பது வருஷப் பழக்கம். கிட்ட நின்னு பேசுறவங்களுக்கு நம்ம வாய் நாறக்கூடாதுண்ணே என்பான். அன்றைக்கு அவன் மெல்லவில்லை. ஏலக்காய் ஒரு பக்கக் கன்னத்தைப் புடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. "ஒரே டேக்குல முடிச்சிருவோம்ணே" என்றான். "ஏண்டா, பிரியாணி ஆறிடுமா?" என்று இவர் கேட்டார். அதற்கு அவன் ஏதாவது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வாங்கிய கேலியைத் திருப்பிக் கொடுக்காமல் அவன் எந்த நாளும் ஷாட்டுக்குப் போனதில்லை. அன்றைக்குக் கொடுக்கவில்லை. விளக்குகள் எரிந்தன, கிளாப் கட்டை அடித்தார்கள், இவர் அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேமராவுக்கு இடப்பக்கம், வழக்கமாகப் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். பார்க்காமல் அடிப்பதுதான் அந்த அடியின் விசேஷம். அதற்குப் பிறகு அவர் பார்த்தது என்ன, பார்க்காதது என்ன என்பதுதான் ஐம்பத்து மூன்று நாளாகத் தீராமல் கிடக்கிறது.

வெளியே சாலிகிராமத்தில் பதினொரு மணி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. டப்பிங் தியேட்டருக்குள் மார்கழி மாதிரி குளிர். சுவரெல்லாம் சாக்குத் துணி, தரையில் கம்பளம், பேசினால் பேச்சு வாயை விட்டு இரண்டடி தாண்டாமல் செத்து விழுந்தது. எதிரே திரை, நடுவில் ஸ்டாண்டில் மைக், காதில் ஹெட்போன். கண்ணாடிக்குப் பின்னால் சவுண்ட் இன்ஜினியர் தணிகாசலமும் டைரக்டர் மதிவாணனும் மீன் தொட்டிக்குள் இருப்பவர்கள்போல வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டனை அமுக்கினால் மட்டும் குரல் வரும். பட்டன் அமுங்கியது. "சார், லூப் நூத்திப் பதினாலு. மாவு மூட்டை சீன். உங்க டயலாக் எதுவும் இல்ல. அண்டா சார் முனகல் மட்டும்தான்." மதிவாணனுக்கு வயது முப்பதுக்குள். நல்ல பையன். சவரி அண்டாவாகவும் இவர் கரண்டியாகவும் பேர் வாங்கிய அண்டா–கரண்டி ஜோடிப் படங்களை அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தவன், அந்த நன்றிக்காகவே பத்து வருஷமாக யாரும் கூப்பிடாத இரண்டு கிழவர்களைக் கூப்பிட்டு 'மூன்றாம் பந்தி' என்று ஒரு படம் எடுத்தான். பேரைக் கேட்டதும் சவரி சிரித்தான். மூணாம் பந்திக்கு ரசமும் அப்பளத் தூளுந்தாண்ணே மிஞ்சும், நமக்கு அது போதும் என்றான். கல்யாண வீட்டில் இரண்டு வயசான சமையல்காரர்கள் செய்யும் கூத்துதான் கதை. படம் முழுக்க எடுத்தாகிவிட்டது. சவரி தன் வசனத்தில் முக்கால்வாசியைச் செட்டிலேயே சுத்தமாகப் பேசியிருந்ததால் அதை வைத்துச் சமாளித்துவிட்டார்கள். இந்த ஒரு இடத்தில்தான் செட்டில் இருந்தவர்களின் சிரிப்பு ஒலிநாடாவை மூடிவிட்டது. "முகம் கவுந்து மாவுல இருக்கு சார், உதடு தெரியாது. எங்க வேணும்னாலும் போடலாம். அவரோட அந்த குக்கர் முனகல். உலகத்துல அது உங்க ஒருத்தருக்குத்தான் வரும்." வரும். ரயிலில், பஸ்ஸில், ஓட்டல் அறையில் சவரியைச் சீண்டுவதற்காக எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறார். குக்கர் ஆவி விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தயக்கம் தயங்குமே, அதிலிருந்து தொடங்கி ஊய் என்று இழுக்க வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் தெருவில் அதைச் செய்துகொண்டு ஓடினார்கள். சவரிக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இப்போது அதை அவன் செத்துக்கொண்டிருக்கும் முதுகின் மேல் இவர் வைக்க வேண்டும்.

விளக்கு அணைந்தது. வெள்ளைக் கோடு ஒன்று திரையின் குறுக்கே ஓடியது. அது மறுகோடிக்குப் போனால் துண்டு ஆரம்பம் என்று அர்த்தம். கறுப்பு வெள்ளையில் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. அவரே நிற்கிறார், ஒல்லியாக, கழுத்து எலும்பு தூக்கிக்கொண்டு, இத்தனை கிழவனா நான் என்று ஒரு கணம் தோன்றியது. கரண்டி பின்பக்கமாகச் சுழல்கிறது. சவரி விழுகிறான். மூட்டை வெடிக்கிறது. மாவு மேகமாக எழுந்து இறங்குகிறது. முன்னால் ஒல்லிக் கிழவன் எதுவும் நடக்காததுபோல வெற்றிலை போடுகிறான். அவர் வெற்றிலை போடுகிற தன்னை மட்டும் பார்த்தார். கீழே, திரையின் இடது ஓரத்தில், பாத்திர அடுக்குக்குப் பக்கத்தில் சவரியின் வலது கை கிடக்கும். அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை. துண்டு முடிந்தது. லூப் என்றால் முடிந்த வாலை ஆரம்பத் தலையோடு ஒட்டியிருப்பார்கள். நிறுத்தச் சொல்லும்வரை சுற்றிச் சுற்றி வரும். வெள்ளைக் கோடு மறுபடியும் ஓடியது. மறுபடியும் சவரி மூட்டையோடு நின்றான், மறுபடியும் விழுந்தான். "ரெண்டு மூணு தடவை சும்மா பாருங்க சார், அப்புறம் எடுக்கலாம்" என்றார் தணிகாசலம்.

சவரி விழுந்த பிறகு விடுகிற இடைவெளிக்கு ஏழு எண்ணிக்கை என்று பேர். நாடகக் கம்பெனி நாளில் தகரக் கூரைக் கொட்டகைகளில் கற்றது. சிரிப்பு எழுந்து, கூரையில் மோதி, கீழே இறங்கி அடங்க ஏழு எண்ண வேண்டும். ஆறில் வாயைத் திறந்தால் வசனம் சிரிப்பில் முழுகிப்போகும். எட்டுவரை சும்மா இருந்தால் எவனாவது இருமுவான், அந்த ஒரு இருமல் போதும், கூட்டம் கையை விட்டுப் போய்விடும். சவரி விழுந்து கிடக்க, இவர் எண்ணுவார். ஒன்றில் இடுப்பிலிருந்து வெற்றிலை. இரண்டில் தொடையில் துடைப்பு. மூன்றில் காம்பு. நான்கில் சுண்ணாம்பு. ஐந்தில் மடிப்பு. ஆறில் வாய். ஏழில் திரும்பி, ஐயோ பாவம், யாரோ கீழே கிடக்கிறாரே என்று பார்ப்பது. அந்தப் பார்வைக்கு இரண்டாவது சிரிப்பு வரும், அது முதல் சிரிப்பைவிடப் பெரியது. சினிமாவுக்கு வந்த பிறகு கஷ்டமாகிவிட்டது. எதிரே கேமராவும் வேர்த்து நிற்கும் நாலு பேரும்தான். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு ஊரில் சீட்டு வாங்கி உட்காரப்போகிற ஒருவன் சிரிப்பதற்கு இன்றைக்கே இடம் விட்டு வைக்க வேண்டும். இல்லாத சிரிப்பைக் காதால் கேட்டு எண்ண வேண்டும். அதை இவர் அளவுக்குச் செய்தவர்கள் கிடையாது என்று பேர் வாங்கியிருந்தார். ஆனால் அன்றைக்குச் செட்டில் நிஜமாகவே சிரித்தார்கள். லைட்மேன் பரண் மேலிருந்து சிரித்தான். தலைமுடி அலங்காரம் செய்கிற அம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு கூட்டத்தின் சிரிப்பு, முதுகில் வெந்நீர் ஒத்தடம் மாதிரி. ஏழில் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. மென்றார். எட்டு. மேலே பார்த்தார். ஒன்பது. பல்லில் சிக்கிய பாக்கை நாக்கால் தேடினார். பத்து. சிரிப்பு அடங்கவே இல்லை. பதினொன்றில்தான் திரும்பினார். திரும்பியதும் மதிவாணன் கட் சொன்னான், எல்லோரும் கை தட்டினார்கள், சவரி எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததற்கும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

டாக்டர் சொன்னார், பெரிய அடைப்பு, அங்கேயே டாக்டர் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. நாலு செகண்டுல என்ன சார் ஆயிடப் போவுது என்று மதிவாணன் அழுதுகொண்டே சொன்னான். அவனுக்கு நாலு செகண்ட் தெரிந்தது, கை தெரியாது. கை விஷயம் உலகத்தில் இவர்கள் இரண்டு பேருக்கும் இவர்களுடைய மனைவிமாருக்கும்தான் தெரியும். காரைக்குடியில் ஒரு நாடகத்தில் சவரி மேடைப் பலகையில் விழுந்து காறை எலும்பு முறிந்து கிடக்க, இவர் நடிப்பு என்று நினைத்து முறிந்த தோளிலேயே இரண்டு உதை உதைத்தார், கொட்டகை அதிரச் சிரித்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு சவரிதான் சொன்னான்: அண்ணே, இனிமே நான் விழுந்தா உள்ளங்கை தரையில கவுந்திருக்கும். நெசமாவே வலிச்சா கையை மலத்திப் போட்டிருவேன். நீங்க கையைப் பாருங்க, மூஞ்சியப் பாக்காதீங்க, மூஞ்சி நடிச்சே பழகிப்போச்சு. கவிழ்ந்தால் நடிப்பு, மலர்ந்தால் நிஜம். அதற்குப் பிறகு முப்பது வருஷத்தில் அவன் கை மலர்ந்தது இரண்டே தடவை. ஒன்று, கிணற்றுச் சீனில் கால் மாட்டிக்கொண்டபோது. இன்னொன்று, பொள்ளாச்சியில், ஆறாவது தடவையாக விழச் சொன்ன டைரக்டருக்குத் தண்ணி காட்ட. இவர் பதறி ஓடிப் புரட்டினால், கண்ணை மூடிக்கொண்டே "பிரியாணி ஆறுதுண்ணே" என்றான். இவருக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பதினாறு நாள் பேசவில்லை. பதினேழாவது நாள் சவரி வீட்டுக்கே வந்து, இவர் மனைவி விசாலத்திடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, இவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தூத்துக்குடிக்காரன், சத்தியம் என்றால் பனிமாதா மேல்தான். "பனிமாதா மேல சத்தியம்ணே. இனிமே சாகப்போனாத்தான் இந்தக் கை மலரும்." விசாலம் வாயில் அடித்துக்கொள்ளுங்கள் தம்பி என்றாள். அவன் அடித்துக்கொண்டான், அதையும் ஒரு கூத்தாகச் செய்தான், விசாலம் மூச்சு முட்டச் சிரித்தாள்.

விசாலத்தின் கை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, மலர்ந்த கையாகவே ஒன்பது நாள் கிடந்தது. ஒன்பது நாளும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனி நிறம் மாறியதை நர்சுக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். ஆகவே பார்க்கத் தெரியாதவர் இல்லை. அதைத்தான் அவரால் எந்தப் பக்கமும் நகர்த்திவைக்க முடியவில்லை. பார்க்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த ஒன்பது நாளும் சவரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இட்லிப் பொட்டலத்தோடு. உள்ளே வருவான், நின்று பார்ப்பான், அண்ணே சாப்பிடுங்க என்பான், போவான். கடைசி நாளில் மட்டும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, "அண்ணே, எனக்கு முன்னால நீங்க போயிராதீங்க. கரண்டி இல்லாத அண்டாவ எவன் கூப்பிடுவான்" என்றான். அழுகைக்கு நடுவிலும் இவர் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்டாவைக் கவுத்துப் போட்டு உக்காரலாம்டா. அண்டா இல்லாத கரண்டியை வெச்சு முதுகுதான் சொறியலாம்." வெள்ளைக் கோடு ஓடியது. சவரி விழுந்தான்.

சவரியின் மனைவி ரெஜினா கேட்டது ஒரே ஒரு கேள்வி. பெரம்பூரில் அவர்கள் வீட்டு முன்னறையில் பெட்டியில் அவனைக் கிடத்தியிருந்தது, ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், பழைய படங்களைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள், ஒருவன் குக்கர் முனகலைச் செய்துகூடக் காட்டினான். ரெஜினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அழவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். "அண்ணே, கை எப்பிடிக் கெடந்துச்சு?" யோசிக்க நேரம் இருந்தது. ஏழு எண்ணலாம் என்கிற அளவுக்கு நேரம் இருந்தது. "கவுந்துதாம்மா இருந்துது" என்றார். அவள் தலையை ஆட்டினாள். "அப்ப சரிண்ணே. விழும்போதே போயிருக்காரு. கூப்பிடலை." பிறகு தொட்டியில் கிடந்த காபி டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே சொன்னாள், படம் வந்தா முதநாளே பாத்துருவேன், அவரு படம் ஒண்ணுகூட நான் விட்டதில்லண்ணே. பதினொன்றில் இவர் திரும்பியபோது அந்தக் கையைப் பார்க்கவில்லை. மண்டியிட்டதும் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள், புரட்டிவிட்டார்கள். இவருக்குக் கண்ணின் கீழ் ஓரத்தில் ஒரு வெள்ளை மட்டும் ஞாபகம் இருக்கிறது. தரையெல்லாம் மாவு. மாவுதான் அது என்று முதல் வாரம் சொல்லிக்கொண்டார். இரண்டாவது வாரம் சுண்ணாம்பு என்று சொல்லிக்கொண்டார். ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பு எடுக்கக் கண்ணைத் தாழ்த்துவாரே, நான்கில், அந்த வெள்ளை. மாவில் கவிழ்ந்த கைக்கு மேல் பக்கம் கறுப்பாகத்தான் இருக்கும். சவரி நல்ல கறுப்பு. மாவில் பதிந்து மலர்ந்த கைதான் வெள்ளையாக இருக்கும். இந்த வாக்கியம் வந்து மாட்டும்போதெல்லாம் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். ஐம்பத்து மூன்று நாளில் எத்தனை குடம் குடித்தார் என்று தெரியாது.

"எடுக்கலாமா சார்?" கோடு ஓடியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முனகினார். வந்தது முனகல்தான், சவரி இல்லை. யாரோ ஒரு மிமிக்ரிக்காரன். "இன்னொண்ணு சார்." இரண்டாவது முனகல் இருமலில் உடைந்தது. மூன்றாவதுக்கு வாய் திறந்தது, காற்று வரவில்லை. நாலாவதில் மதிவாணன் உள்ளே வந்தான், பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தான், பக்கத்தில் நின்று தயங்கினான். "சார், கஷ்டமா இருந்தா விட்டுரலாம். எடிட்டர் வேற சொல்றாரு, கேப் கொஞ்சம் நீளமா இருக்காம். விழுந்ததும் மூணுல வெட்டிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போயிரலாம்ங்கறாரு. நான்தான் கரண்டி சார் டைமிங்குல கை வைக்காதீங்கன்னு சண்டை போட்டு வெச்சிருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" மூன்றில் வெட்டலாம். அத்தனை சுலபமா அது. மூன்றுக்குப் பிறகு இருப்பதெல்லாம் கத்தரித்துக் கூடைக்குள் போய்விடும். அதில் கை இருந்தாலும் போய்விடும். ரெஜினா முதல் நாள் கொட்டகையில் உட்கார்ந்து சவரி விழுவதைப் பார்த்து, உடனே வேறு காட்சிக்கு மாறிவிடுவதைப் பார்த்து, வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். இவர் செய்ய வேண்டியது தலையை ஆட்டுவது மட்டும்தான். காரணம்கூடக் கேட்க மாட்டான். நாற்பது வருஷம் கேப் விட்டவர் கேப் அதிகம் என்று சொன்னால் எவன் மறுப்பான். வெந்நீர் நாக்கைச் சுட்டது. "இன்னும் ஒரு தடவை ஓட்டச் சொல்லுப்பா. முனகப்போறதில்ல. சும்மா பாக்கறேன்" என்றார்.

கோடு ஓடியது. இந்தத் தடவை இடது ஓரத்தைப் பார்த்தார். முதலில் மாவு மட்டும்தான். மேகம் இறங்க இரண்டு எண்ணிக்கை பிடித்தது. மூன்றில் கை தெரிந்தது, பாத்திர அடுக்குக்குப் பக்கத்தில், கறுப்பாக, கவிழ்ந்து, விரல்கள் விரிந்து. விழுகிறவன் தரையை அறைகிற கை, நாற்பது வருஷமாகச் சத்தம் எழுப்பிய கை, ஒழுங்காகக் கவிழ்ந்திருந்தது. அவருக்குள் ஏதோ தளர்ந்தது, கவுந்துதாம்மா இருந்துது, நான் சொன்னது பொய் இல்லை என்று ஆரம்பித்தது. நான்கில் கை புரண்டது. அவசரம் இல்லை. கட்டைவிரல் முதலில் தரையை விட்டு எழுந்தது, மற்ற விரல்கள் அதைத் தொடர்ந்தன, பழைய கதவொன்று திறப்பதுபோல மெள்ள மலர்ந்து, முழு வெள்ளையாக, ஏதோ வாங்குவதற்கு நீட்டிய மாதிரி நின்றது. அப்படியே இருந்தது. ஐந்தில் இருந்தது, ஆறில் இருந்தது. துண்டு முடிந்து, கோடு ஓடி, அவன் எழுந்து நின்றான், மூட்டையோடு, ஏலக்காய் ஒரு கன்னத்தில். மறுபடி விழுந்தான். இந்தத் தடவை அவர் கையைப் பார்க்கவில்லை, நடுவில் நின்ற ஒல்லிக் கிழவனைப் பார்த்தார். ஒன்றில் வெற்றிலை, இரண்டில் தொடை, மூன்றில் காம்பு. நான்கில் கிழவன் கண்ணைத் தாழ்த்துகிறான். சுண்ணாம்பு டப்பி மார்புக்கு நேராக இருக்கிறது. கண் டப்பியில் இல்லை. டப்பியைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, இடது ஓரத்துக்குப் போகிறது, போய் ஒரு கணம் நிற்கிறது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. ஸ்கிரிப்டில் இல்லாத சிரிப்பு. அதற்குப் பிறகு கண் நிமிர்ந்து, ஐந்தில் மடிக்கிறான்.

அப்படியானால் பார்த்திருக்கிறார். தண்ணீர் குடிக்க எழுந்து போக இடம் இல்லை, முன்னால் மைக், காதில் கம்பி. பார்த்திருக்கிறார், பார்த்து, பிரியாணி ஆறிடுமா என்று கேட்டதற்குப் படவா இப்போது பதில் சொல்கிறான் என்று நினைத்திருக்கிறார். வாங்கிய கேலியைத் திருப்பிக் கொடுக்காமல் ஷாட்டுக்குப் போனதில்லையே, விழுந்த பிறகு கொடுக்கிறான், பொள்ளாச்சியில் மாதிரி, இரு உன்னை வைத்துக்கொள்கிறேன், இன்னும் கொஞ்சம் கிட, பார் எப்படிச் சிரிக்கிறார்கள், கொஞ்சம் கூட்டிக் கொடுப்போம் என்று நினைத்திருக்கிறார். பனிமாதா ஞாபகம் வரவில்லை. மோர் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவன் ஞாபகம் வரவில்லை. அந்தச் சிரிப்பு, உதட்டோரத்தில் வந்தது, அது கூட்டத்துக்காக வந்தது இல்லை, சவரிக்காக மட்டும் வந்தது. தான் சொன்னது அண்ணனுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் நினைத்திருப்பானா. முகம் மாவில் இருந்தது, அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. கையை நீட்டிக்கொண்டு காத்திருந்திருப்பான். அண்ணன் கையைப் பார்ப்பார், மூஞ்சியைப் பார்க்க மாட்டார், இதோ வருவார் என்று. கோடு ஓடியது. அவன் விழுந்தான். தணிகாசலம் நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது. மூன்றில் வெட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கை எவர் கண்ணிலும் படாமல் போய்விடும், எல்லோரையும்போல ரெஜினாவும் பார்க்காதவளாகிவிடுவாள், பார்த்தும் பார்க்காதவர் இவர் ஒருத்தர்தான் மிஞ்சுவார். ஒரு தடவை பார்த்துச் சிரித்தாகிவிட்டது. இரண்டாம் தடவை கத்தரியை எடுப்பதா.

"வெட்ட வேணாம்" என்றார். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. "எடுத்தது அப்படியே இருக்கட்டும். ரெக்கார்டு பண்ணுங்க." கண்ணாடிக்குப் பின்னால் மதிவாணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கோடு ஓடி மறுகோடிக்குப் போனது. கரண்டி சுழன்றது, மூட்டை வெடித்தது. அவர் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினார். குக்கர் தயங்குகிற தயக்கம் தொண்டையில் தானாக வந்து உட்கார்ந்தது. ஊய் என்று இழுக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் தரையை விட்டு எழுகிற நேரத்தில், வேறு ஒன்று வந்தது. "அண்ணே." சவரியின் குரல். கன்னத்தில் ஏலக்காய் வைத்துக்கொண்டு பேசும்போது வருகிற அந்தக் கொழகொழப்புகூட இருந்தது. சத்தமாக இல்லை, சந்தோஷமாகவும் இல்லை, கதவைத் தட்டிவிட்டு ஒருவன் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரே ஒரு தடவை. பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். திரையில் ஒல்லிக் கிழவன் மடித்தான், மென்றான், மேலே பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் வாயைத் திறந்து சிரித்தார்கள். சத்தம் கேட்கவில்லை, தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. பட்டன் அமுங்கியதும் பாதிச் சிரிப்போடு மதிவாணன் குரல் வந்தது. "சார், முனகலைவிட இது அபாரம் சார். அவரு கூப்பிடறாரு, நீங்க பாட்டுக்கு வெத்தலை போடறீங்க. தியேட்டர் கிழியும் சார்." தணிகாசலம், "ஓக்கே டேக்" என்றார். ஏகாம்பரம் ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். காது வியர்த்திருந்தது. சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள், இல்லப்பா, பெரம்பூர் வரைக்கும் போகணும் என்றார். ரெஜினா மத்தியானத்தில் வீட்டில்தான் இருப்பாள். கை எப்படிக் கிடந்தது என்று அவள் இன்னொரு தடவை கேட்க மாட்டாள். கேட்காமலே சொல்ல வேண்டும். அண்டா சார் வண்டியைப் போர்ட்டிகோவுக்கு எடுக்கச் சொல்லட்டுமா சார் என்று யாரோ பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவர் நடந்தே வெயிலுக்குள் போனார். உள்ளே தணிகாசலம் தாளில் எழுதினார்: லூப் நூற்றுப் பதினாலு, முடிந்தது. அந்தத் துண்டின் நீளம் இருபத்தோரு அடி. கை மலர்வது ஒன்பதாவது அடியில். அதற்குப் பிறகு ஏழு எண்ணிக்கை மீதி இருக்கிறது.